உபரி என்ற ஒரு சொல்: கங்கைகொண்டான் தண்ணீர் வழக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலிப் பக்கம் காலையில் பேப்பரைப் பிரித்ததும் பலர் தேடுவது அணை நிலவரத்தைத்தான். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை, மணிமுத்தாறு இத்தனை, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு. என் பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேப்பரை மூக்கருகே பிடித்து, அந்த நாலு வரியை வாசித்த பிறகுதான் டீயைத் தொடுவார். எங்கள் வயல் மருதூர் மேலக்காலின் கடைமடையில் கிடக்கிறது. மேலே அணையில் ஷட்டரை இறக்கினால் எங்கள் மடையில் அது எத்தனையாவது நாள் தெரியும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது.

அந்த நிலவரத்தில் என்றைக்கும் வராத ஓர் எண்ணைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாகப் போகும் தண்ணீர் அது. அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டார்கள், தடை வாங்கினார்கள், கடைசியில் வழக்கு தள்ளுபடியானது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த இந்த விவகாரத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி பார்க்கையில், எல்லாமே ‘உபரி நீர்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான் சுழன்றிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை யாரும் தேதி போட்டு எழுதி வைக்கவில்லை.

ஆறும் பங்காளிகளும்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. அதனால் காவிரிக்கு இருப்பதுபோல் நடுவர் மன்றமோ மாநிலச் சண்டையோ இதற்கு இல்லை. பங்காளிச் சண்டை எல்லாம் நமக்குள்தான்.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். முதல் ஏழும் வெள்ளைக்காரனுக்கு முந்தியவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. இவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்களில் பாயும் நிலம் 86,107 ஏக்கர். அதில் மருதூர் மேலக்கால் 12,762, கீழக்கால் 7,785, ஸ்ரீவைகுண்டம் வடகால் 12,800, தென்கால் 12,760. கடைசி இரண்டு அணைக்கட்டுகளுக்கு மட்டுமே 46,107 ஏக்கர் வருகிறது. பாசனத்தில் பாதிக்கு மேல் ஆற்றின் வால்பகுதியில் இருக்கிறது. 1986இல் மாவட்டத்தைப் பிரித்தபோது இந்த வால்பகுதி பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போயிற்று. தலை ஒரு கலெக்டரிடம், வால் இன்னொரு கலெக்டரிடம் என்றானதை எங்கள் பக்கத்து விவசாயிகள் இன்னும் குறையாகச் சொல்வார்கள்.

இந்த நிலத்துக்கு இரண்டு போகம்: கார், பிசானம். நல்ல வருஷத்தில் ஜூன் 1ஆம் தேதி காருக்குத் தண்ணீர் திறப்பார்கள். அணையில் இருப்பு குறைந்தால் மேல்கால்களுக்குக் கார் கிடைக்கும், கீழே உள்ளவர்கள் வடகிழக்குப் பருவமழையையும் பிசானத்தையும் நம்பிக் காத்திருப்பார்கள். ஆற்றின் வேறு பங்காளிகளையும் மறக்கக் கூடாது. நெல்லை மாநகரம், தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் வரை இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. தூத்துக்குடி ஆலைகளுக்காக ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் 20 எம்ஜிடி (நாளொன்றுக்கு 2 கோடி காலன்) திட்டமும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆலைக்கு ஆற்று நீர் தருவதைக் கங்கைகொண்டான் தொடங்கி வைக்கவில்லை. ஆனால் ஆற்று நீரையே பாட்டிலில் அடைத்து விற்கும் தொழிலுக்குத் தருவது இங்கே புதிது. ஊரார் மனசில் தைத்தது அதுதான்.

நடந்தது

கங்கைகொண்டான் சிற்றாற்றங்கரை ஊர். ராஜேந்திர சோழன் காலத்துக் கைலாசநாதர் கோயில் அங்கே இருக்கிறது. நான்குவழிச் சாலையும் ரயிலும் பக்கத்திலேயே இருப்பதால் சிப்காட் அங்கே வந்தது. கோகோ கோலாவுக்காகப் பானம் அடைத்துத் தரும் சவுத் இந்தியா பாட்டிலிங் கம்பெனியின் ஆலை அங்கே வருகிறது என்ற செய்தி பரவியதும் 2005இல் எதிர்ப்பு எழுந்தது. அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பெயர் பிளாச்சிமடை. பாலக்காட்டுப் பக்கத்தில் அதே கம்பெனியின் ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கிணறுகள் கெட்டன என்று ஆதிவாசி மக்கள் போராடி, 2004 மார்ச்சில் அந்த ஆலை நின்றுபோயிருந்தது. அங்கே விரட்டியதை இங்கே கொண்டுவருகிறார்களே என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் ஆலை வந்தது, ஓடியது. பிற்பாடு பெப்சிகோவுக்கும் அதே தொழிற்பேட்டையில் இடம் ஒதுக்கினார்கள்.

அடுத்த கட்டம் 2016. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. பிசானத்துக்கு நாற்றுப் பாவியவர்கள் அதை மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். எங்கள் ஊர்க் குளத்தில் நண்டு வளை தெரியும் அளவுக்கு மண் வெடித்துக் கிடந்ததை நானே பார்த்தேன். அந்த நவம்பரில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தர இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அதே ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் வெடித்தது. அந்தச் சூட்டில், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தன. பெட்டிக்கடைகளில் பன்னீர் சோடாவும் கலரும் முன்வரிசைக்கு வந்தன.

மறுநாளே, மார்ச் 2ஆம் தேதி, மதுரைக் கிளை வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. ஆலைகளுக்குத் தருவது ஆற்றின் உபரி நீரைத்தான் என்ற அரசுத் தரப்பு வாதம் நின்றது. தடை நீங்கியது.

கணக்கு என்ன சொல்கிறது

அரசின் வாதத்தை நேர்மையாக எடை போட வேண்டும். கணக்குக்காக ஒரு ஆலை நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 36.5 கோடி லிட்டர். ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். அப்படியானால் வருஷம் முழுக்க எடுப்பது சுமார் 13 மில்லியன் கன அடிதான். பாபநாசம் அணை 143 அடிக்கு நிரம்பினால் 5,500 மில்லியன் கன அடி பிடிக்கும், மணிமுத்தாறு 118 அடிக்கு 5,511. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய்க்காக அரசே போட்ட கணக்கில், ஆண்டுக்குச் சராசரியாக 13,758 மில்லியன் கன அடி கடலுக்குப் போகிறது. அதில் 2,765ஐத் திருப்பிச் சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிக்காட்டுப் பக்கம் கொண்டுபோவதுதான் அந்தத் திட்டம். கடலுக்குப் போகும் அந்த 13,758ஓடு ஒப்பிட்டால் 13 என்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

ஆகவே ‘ஆற்றையே குடித்துவிடுவார்கள்’ என்று மேடையில் பேசியது மிகை. இதைச் சொன்னால் என் பக்கத்து ஆட்களே கோபப்படுவார்கள். ஆனால் மிகையான கணக்கோடு கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு ஒரு பெருக்கல் போட்டே நம்மை உட்கார வைத்துவிடும்.

அதே கணக்கை வேறு வழியில் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 10 லட்சம் லிட்டர் என்பது விநாடிக்கு 0.4 கன அடி ஓட்டம். நெல்லுக்கு ஒரு கன அடி ஓட்டம் இருந்தால் ஐம்பது, அறுபது ஏக்கர் பாயும் என்று கணக்கு வைப்பது வழக்கம். அப்படியானால் இது இருபது, இருபத்தைந்து ஏக்கருக்கான தண்ணீர். நவம்பரில் ஆறு கரைபுரளும்போது இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஏப்ரலில், கால் முழுக்க அடைத்து, குடிநீருக்கு மட்டும் ஆற்றில் கொஞ்சம் விடுகிற நாளில், கடைமடையில் வாழையைக் காப்பாற்ற ஒரு நனைப்பு கிடைக்காதா என்று ஏங்குகிறவனுக்கு இருபது ஏக்கர் தண்ணீர் என்பது ஒரு தெருவே பிழைக்கிற தண்ணீர்.

சராசரி என்ற கணக்கு மறைப்பது இதைத்தான். கடலுக்குப் போகும் 13,758 ஆண்டு முழுக்கச் சீராகப் போகவில்லை. நாலு மழை நாளில், வெள்ளமாகப் போகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ஆறு ஊருக்குள் வந்தது. அந்த நீரும் சராசரியில் சேரும். ஆனால் ஆலையின் மோட்டார் வெள்ளத்துக்கும் ஓடும், வறட்சிக்கும் ஓடும். உபரி வருவது மழைக்காலத்தில், ஆலைக்குத் தேவை கோடையில்தான் அதிகம், குளிர்பானம் விற்பதே அப்போதுதானே.

மறுகால்

ஒருநாள் மடையோரம் உட்கார்ந்திருக்கும்போது இந்தத் தீர்ப்பை பெரியப்பாவிடம் வாசித்துச் சொன்னேன். மடைக்கல்லில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு வேப்பங்குச்சியைச் செருகி வைத்துவிட்டு, அது நனைகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்: “எலேய், மிஞ்சுன தண்ணின்னு எவம்லே சொன்னான்? நம்ம கொளம் மறுகா பாஞ்சா அது எங்க போவுது? அடுத்த கொளத்துக்குத் தானல. அவனுக்கு அது மிச்சமா, வரத்தா?”

உபரிக்கு நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் சரியானது. எங்கள் குளங்கள் சங்கிலி போல ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேல்குளம் நிரம்பி வழியும் மறுகால்தான் கீழ்க்குளத்தின் வரத்து. மேலே நின்று பார்த்தால் மிச்சம், கீழே நின்று பார்த்தால் உயிர். கடைசிக் குளம் நிரம்பி அதன் மறுகாலும் பாய்ந்த பிறகுதான் ‘உபரி’ என்று சொல்ல நம் பழக்கத்தில் இடம் உண்டு. தாமிரபரணியில் அந்தக் கடைசி இடம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அதற்கு மேல் வழிந்து ஓடாத நாளில் இந்த ஆற்றில் உபரி என்று ஒரு சொட்டுக் கூட கிடையாது. வழிந்து ஓடினாலும் கீழே ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும் முக்காணிப் பக்கத்துக் கிணறுகளும் உப்பேறாமல் இருக்க ஆற்றில் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். அதையும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பேச வேண்டும்.

விலை

ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்று சிப்காட் ஆலைகளிடம் வாங்கியதாக அந்த வழக்கின்போது பேசப்பட்டது. லிட்டருக்கு 3.75 காசு. கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய்க்கு விற்றது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய தட்டிகள் அப்போது எங்கும் தொங்கின. பாட்டிலுக்கும் லாரிக்கும் கரண்டுக்கும் ஆகும் செலவைக் கழித்தால் அந்த ஒப்பீடு அவ்வளவு நேரானது இல்லை. என் வருத்தம் வேறு. ஜூலையிலும் 37.50, அணை காய்ந்த பிப்ரவரியிலும் 37.50 என்றால் அந்த விலைக்கு ஆற்றின் நிலைமை தெரியவில்லை. காய்கறிக்குக் கூட வரத்து குறைந்தால் விலை ஏறுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

தேசிய நீர்க் கொள்கை 1987, 2002, 2012 என மூன்று முறை எழுதப்பட்டது. 2002 கொள்கையின் வரிசையில் முதலில் குடிநீர், அடுத்து பாசனம், பிறகு மின்சாரம், சூழல், அதற்குப் பின்தான் தொழில். தமிழ்நாட்டுக்கும் 1994இல் ஒரு நீர்க் கொள்கை உண்டு. ஆனால் கொள்கை சட்டமாகாது. ஆலைக்குக் குழாய் திறந்தவரை அந்த வரிசையைக் காட்டித் தடுக்க முடியாது.

ஆற்று நீராவது அரசின் கையில் இருக்கிறது. நிலத்தடி நீரின் கதை இன்னும் மோசம். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் குறிப்பிட்ட வாய்க்காலாக ஓடாத நீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஏற்றம் இறைத்த காலத்துச் சட்டம் அது. ஆயிரம் அடி போர் போடுகிறவருக்கும் இன்று அதுவே அரண். இந்த இடத்தில்தான் பிளாச்சிமடை வழக்கு முக்கியம். 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது.

தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நடைமுறைக்கே வராமல் பத்து ஆண்டு கிடந்து 2013இல் அது ரத்தாயிற்று. அதற்குப் பதிலாக 2014 ஜூலையில் வந்த அரசாணை எண் 142தான் இன்று வணிக நோக்கில் நீர் எடுப்போருக்குக் கடிவாளம். குறுவட்டம் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) குறுவட்டமாக நீர் நிலைமையை வகைப்படுத்தி, தடையில்லாச் சான்று வாங்கச் சொல்கிறது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. நல்லதுதான். இருந்தாலும் சட்டமன்றம் இயற்றிய சட்டத்துக்கும், ஒரு துறை எழுதிய ஆணைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஆணையை இன்னொரு ஆணை மாற்றிவிடும், யாருக்கும் சேதி தெரியாமலே.

நிலத்தடி நீரை எடுத்து விற்கும் கேன் தண்ணீர்த் தொழிலில் இந்தத் தளர்வைக் கண்ணால் பார்க்கலாம். போன கோடையில் என் வீட்டுக்கு வந்த 20 லிட்டர் கேன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். தேய்ந்து தேய்ந்து பால் நிறமாகியிருந்தது. லேபிள் பாதி கிழிந்து, பதினான்கு இலக்க உரிம எண்ணில் ஆறு இலக்கம்தான் மிச்சம். அடைத்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் மை கலங்கிய கோடு. கொண்டுவந்த பையனைக் கேட்டேன். “அண்ணாச்சி, லேபிளை ஏன் பாக்கிய? தண்ணி நல்லாருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க” என்றான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எண்பது கேன் மாடி ஏற்றுகிறவன் அவன்.

2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அனுமதி இல்லாத குடிநீர் ஆலைகளை மூடத் தொடங்கியதும் உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாளிலேயே ஊரெல்லாம் தவித்தது. உரிமம் இல்லாத தொழிலை நம்பி இத்தனை வீடுகள் இருப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. 2024 அக்டோபரில் பாட்டில் குடிநீருக்குக் கட்டாய ஐஎஸ்ஐ முத்திரை நீக்கப்பட்டது. நவம்பரில் அதையே அதிக அபாயமுள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும் என்றார்கள். இந்த விதிகள் எல்லாம் கேனுக்குள் இருக்கும் தண்ணீரைப் பார்க்கின்றன. அந்தத் தண்ணீர் எந்தப் போரிலிருந்து, எத்தனை லிட்டர் வந்தது, சுத்திகரிக்கையில் எவ்வளவு கழிவாக ஓடையில் போயிற்று என்று பார்ப்பது வேறு துறையின் வேலை. இரண்டு துறையின் தாளும் ஒரே மேசையில் சேர்வதில்லை.

என்ன செய்யலாம்

மகாராஷ்டிரம் 2005லேயே நீர்வள ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியது. அப்படி ஓர் ஆணையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆணையத்தின் வாசலில் வக்கீலோடு நிற்க ஆலைக்கு முடியும், கடைமடைக்காரனுக்கு முடியாது. ஆனால் மணல் விஷயத்தில் 2010இல் என்ன நடந்தது என்பது எனக்குத் தெம்பு தருகிறது. கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் தாமிரபரணியில் ஐந்து ஆண்டுக்கு மணல் அள்ள மதுரைக் கிளை தடை போட்டது. அங்கே சான்று கண்ணெதிரே இருந்தது: பள்ளம் விழுந்த ஆறு, அந்தரத்தில் நின்ற உறைகிணறு. தண்ணீர் எடுப்பதற்கு அப்படிக் காட்டப் பள்ளம் எதுவும் விழாது. எண்தான் சான்று.

அதனால் என் கோரிக்கை சின்னது. ஸ்ரீவைகுண்டத்தில் வழிந்து ஓடாத நாளில் குளிர்பான, பாட்டில் ஆலைகளுக்கான குழாயை அடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மழைக்காலத்தில் எடுத்துச் சேமிக்க ஆலைக்குள்ளேயே அவர்கள் குளம் வெட்டிக்கொள்ளட்டும். முதலீட்டுக்கு அது பெரிய காசில்லை. கோடைக்கு விலையை ஏற்ற வேண்டும். தூத்துக்குடிக்காக முள்ளக்காட்டில் சிப்காட் திட்டமிட்ட கடல்நீர் ஆலை போன்ற வழிகளை, ஆற்றைக் கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், எடுக்கிற அளவு தினமும் வெளியே வர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார்கள் என்றால், யாரோ ஒருவர் மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த எண்ணையும், ஸ்ரீவைகுண்டத்தில் நேற்று வழிந்த கன அடியையும், பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறுக்குக் கீழே அடுத்த வரியாகப் பேப்பருக்குக் கொடுத்தால் போதும். பெரியப்பா கூட்டிக் கழித்துக்கொள்வார்.